கரண்ட் பில் 4,581 ரூபாய்: லைனே வேண்டாம் என்று சோலாருக்குப் போய்விடலாமா?

வைகைக்கரை (மதுரை), 14 ஜூன் 2025

எல்லோருக்கும் வணக்கம். நேற்று போனில் பில் தொகை வந்ததிலிருந்து மனது சரியில்லை. இரண்டு மாதத்துக்கு 780 யூனிட், 4,581 ரூபாய். பிப்ரவரியில் இதே வீட்டுக்கு 490 யூனிட், 1,742 ரூபாய்தான் வந்தது. யூனிட் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனதற்குப் பணம் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மார்ச்சில் அத்தைக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. கீழ் அறையில்தான் படுத்திருக்கிறார்கள். மதுரை வெயிலில் அந்த அறையில் பகலில்கூட இருக்க முடியாது என்று தங்கை வீட்டில் சும்மா கிடந்த ஒன்றரை டன் ஏசியைக் கொண்டுவந்து மாட்டினோம். அதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதிவிடாதீர்கள், அது மட்டும் முடியாது.

சோலார் போடுகிற ஒருவர் வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போனார். 5 கிலோவாட் பேனல், 10 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி, எல்லாம் சேர்த்து 5.75 லட்சம் என்கிறார். "லைனையே வெட்டிவிடலாம் அக்கா, வாழ்க்கை முழுக்க பில் கிடையாது" என்றார். நகையை வைத்தால் புரட்டிவிடலாம். இரண்டு நாளாக இதே யோசனைதான். இப்படி ஆஃப் கிரிட்டில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் (கோவை), 14 ஜூன் 2025

அக்கா, லைனை வெட்ட வேண்டாம். நான் போன நவம்பரில் 3 கிலோவாட் ஆன் கிரிட் (லைனோடு சேர்ந்து ஓடும் சோலார்) போட்டேன். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வந்தது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். லைன் இருக்கிற வீட்டுக்குத்தான் இந்த மானியம். நீங்கள் வெட்டிவிட்டால் ஒரு ரூபாய் கிடைக்காது. அந்த ஆள் இதைச் சொன்னாரா?

இன்னொன்று. ஆன் கிரிட்டில் கரண்ட் போனால் பேனலும் நின்றுவிடும். எனக்கு அது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. உச்சி வெயிலில் மாடியில் பேனல் பளபளக்கும், கீழே ஃபேன் ஓடாது.

வாடகைவீடு (சென்னை), 14 ஜூன் 2025

மாடி இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு இது. ஆனாலும் என் கணக்கையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போல நிறைய பேர் இருக்கிறோம்.

நான் இருப்பது ஒரு வீட்டின் பின்பக்கத்துப் போர்ஷன். தனி இணைப்பு இல்லை. சப் மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு நாங்கள் எரிப்பது 180 யூனிட். 1,620 ரூபாய் கொடுக்கிறேன். இதே 180 யூனிட்டுக்கு என் பெயரில் மீட்டர் இருந்தால் முதல் 100 இலவசம், மீதி 80க்கு 2.35 வீதம் 188 ரூபாய்தான். 2016 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தரப்படுகிற அந்த 100 யூனிட்டை நான் இன்றுவரை அனுபவித்ததில்லை. கேட்டால், "எல்லாம் ஒரே மீட்டரில் ஏறுவதால் எனக்கே யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் வருகிறது" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து மேல் படிக்கு ஏறிவிடுகிறோம்.

பால்கனியில் 100 வாட் பேனல் ஒன்றும் சின்ன பேட்டரியும் வைத்து, பையன் படிக்கிற விளக்கையும் ஒரு டேபிள் ஃபேனையும் ஓட்டுகிறேன். மாதம் எவ்வளவு மிச்சம் என்று கேட்காதீர்கள். என் வீட்டில் என் பெயரில் எரிகிற விளக்கு அது ஒன்றுதான்.

மின்கம்பம் (திருச்சி), 15 ஜூன் 2025

மின் துறையில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வைகைக்கரை அம்மா, நகையை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்க விடுங்கள். முதலில் இந்த 4,581 எப்படி வந்தது என்று பார்ப்போம்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், அடுத்த 200க்கு 4.70, கடைசி 100க்கு 6.30. சரியாக 500 வந்தால் 1,805 ரூபாய்.

500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்கிற படியே காணாமல் போகும். 101லிருந்து 400 வரை எல்லாமே 4.70. பிறகு 6.30, 8.40, 9.45, 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. அதாவது 510 யூனிட் எரித்தால் 2,124 ரூபாய். கடைசி பத்து யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்தது 319 ரூபாய். நம் ஊரில் பாதி வீடுகளின் புலம்பல் இந்த 500ஆவது யூனிட்டில்தான் ஆரம்பிக்கிறது. "மீட்டர் ஓடுகிறது" என்று புகார் சொல்லி வருகிறவர்களுக்கு நான் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். மீட்டர் சரியாக இருக்கும், அவர்கள் இருபது முப்பது யூனிட்டில் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம், காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று தெரியாமல் சோலார் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

தென்னந்தோப்பு (பட்டுக்கோட்டை பக்கம்), 15 ஜூன் 2025

ஆஃப் கிரிட்டில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் ஏழாவது வருஷமாக இருக்கிறேன் தங்கச்சி.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் நின்ற தென்னையை எண்ணுவதற்கு இரண்டு கை விரல் போதும். தாத்தா வைத்த மரம், அப்பா வைத்த மரம், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. லைன் கம்பங்கள் வயலில் முறிந்து கிடந்தன. ஊருக்குள் மூன்று வாரத்தில் கரண்ட் வந்துவிட்டது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த வயர்மேன்கள் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள், அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தோப்புக்குள் தனியாக இருக்கிற எங்கள் வீட்டுக்கு 47 நாள் ஆனது. அந்த 47 நாளும் அம்மா அரிக்கேன் விளக்குத் திரியைக் கத்தரித்துக் கத்தரித்து எரித்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் போட முடியாது. குடிக்கத் தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் போனோம்.

அதற்குப் பிறகு எனக்கு லைன் மேல் நம்பிக்கை போய்விட்டது. 1 கிலோவாட் பேனல், 150 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் ஈய பேட்டரி நாலு வாங்கினேன். விற்றவர் "பத்து வருஷம் பார்க்க வேண்டியதில்லை" என்றார். மூன்றாவது வருஷம் ஆவணியில் நாலும் படுத்துவிட்டது.

ஏன் படுத்தது என்று சொல்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். 150 ஏஹெச் பேட்டரி ஒன்றில் ஏட்டுக்கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். ஈய பேட்டரியை பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. அப்படியென்றால் ஒன்றுக்கு 0.9 யூனிட்தான் நம்முடையது. எனக்கு இது தெரியாது. ராத்திரி இட்லி மாவு அரைத்தோம், இரண்டு ஃபேன் விடியவிடிய ஓட்டினோம், மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் கத்தும் வரை இழுத்தோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் மூடியில் ஒரு மிதவை இருக்கும், சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் ஊற்ற வேண்டும். அறுவடை நேரத்தில் இரண்டு மாதம் பார்க்க மறந்துவிட்டேன். திறந்தபோது முனைகளில் நீலமும் வெள்ளையுமாகப் பூத்துப்போய்க் கிடந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன், உள்ளே தகடு போய்விட்டது.

இப்போது 2 கிலோவாட் பேனல், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 5 யூனிட். தண்ணீர் ஊற்ற வேண்டாம், நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் வாழ்கிற முறை மாறிவிட்டது. கிரைண்டர் காலை 11 மணிக்குத்தான். துணி துவைப்பது பகல் 12. மோட்டார் பகல் ஒரு மணிக்கு. ஐப்பசியில் வானம் மூடிவிட்டால் மிக்ஸி கிடையாது, அம்மியில்தான் சட்னி. என் மனைவி காலையில் எழுந்ததும் கோலம் போடும் முன் கிழக்கே மேகத்தைப் பார்ப்பாள், அதைப் பார்த்துத்தான் அன்றைய சமையலை முடிவு செய்வாள். எங்களுக்குப் பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது. உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், அவருக்கு ராத்திரி முழுக்க ஏசி ஓட வேண்டும். அந்த வீட்டில் லைனை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வைகைக்கரை (மதுரை), 23 ஜூன் 2025

ஐயா சொன்னபடி எழுதினேன். பெரிய மகளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது, அவளே காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்து படிக்கிறாள்.

ஏழு நாள் சராசரி: பகல் 4.5 யூனிட், இரவு 8.5 யூனிட். ஒரு நாளைக்கு 13.

அண்ணா, உங்கள் பதிவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர்களுக்கும் சின்ன வயதில் அரிக்கேன் விளக்கு ஞாபகம்தான். "சேலையைக் கிழித்துத் திரி போடுவோம்" என்றார்கள்.

மின்கம்பம் (திருச்சி), 23 ஜூன் 2025

மகளுக்கு என் பாராட்டு. இந்த எண்களை வைத்தே எல்லாம் சொல்லிவிடலாம்.

நம் ஊரில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் 20. உங்கள் தேவை 13. பங்குனி, சித்திரையில் 7 யூனிட் மிச்சமாகும், பேட்டரி நிறைந்த பிறகு அதை வைக்க இடமில்லை, வீண். இப்போது ஐப்பசி அடைமழையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பேனல் அன்றைக்கு 5 யூனிட் தந்தால் அதிகம். பகல் செலவுக்கே 4.5 போய்விடும். முந்தைய இரவு காலியான பேட்டரியில் ஏறுவது அரை யூனிட். அன்று இரவு 8.5 யூனிட்டுக்கு எங்கே போவீர்கள்? அந்த 10 யூனிட் பேட்டரி ஒரு இரவைத் தாங்கும், இரண்டாவது இருட்டு நாளைத் தாங்காது. மூன்று நாள் தாங்க வேண்டுமென்றால் 30 யூனிட்டுக்கு மேல் பேட்டரி வேண்டும், அதன் விலை 5.75 லட்சத்தில் அடங்காது. இல்லையென்றால் டீசல் ஜெனரேட்டர் வாங்க வேண்டும்.

பணமாகவும் பாருங்கள். வருடம் முழுக்க இந்தக் கோடைகால பில்லே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆறு பில்லுக்கு 27,500 ரூபாய்தான். 5.75 லட்சம் திரும்ப வர 21 வருடம். அதற்குள் பேட்டரியை ஒரு முறையாவது மாற்றியிருப்பீர்கள். நகைக்கடன் வட்டி தனி.

லைனோடு 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் வரும். வெயிலில் மிஞ்சுவது வெளியே போகும், ராத்திரி தேவைக்கு உள்ளே வரும். நெட் மீட்டர் இரண்டையும் கழித்து 300 யூனிட் என்று காட்டும். அதற்கு 705 ரூபாய். சோலார் இணைப்புக்கென்று பில்லில் வேறு கட்டணம் சேருமா என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லைன்தான் உங்கள் பேட்டரி, ஐப்பசிக்கும் சேர்த்து.

சுயசார்பு (ஈரோடு), 24 ஜூன் 2025

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியவில்லை. இந்த பில்லை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. 2023 ஜூலையில் ஏறியதை வீடுகளுக்கு அரசு ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏற்றலாம் என்று 2022 உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. இருபது வருடம் கழித்து யூனிட் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் கூரையில் விழுகிற வெயிலுக்கு யாரும் விலை ஏற்ற முடியாது.

2008க்குப் பிறகு நான்கைந்து வருடம் கொங்குப் பக்கம் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டதா? எங்கள் விசைத்தறி ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். அப்பா தறி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். யாரையும் எதிர்பார்க்காமல் என் வீட்டு விளக்கை நானே ஏற்றுவேன் என்கிற எண்ணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ரூபாயில் அளக்காதீர்கள்.

மின்கம்பம் (திருச்சி), 24 ஜூன் 2025

தம்பி, அந்த வருடங்களை நான் மறக்கவில்லை. துணை மின்நிலையத்தில் சுவிட்சை நிறுத்தும் வேலை எங்களுடையது. எந்த ஃபீடரை (ஒரு பகுதிக்குப் போகும் லைனை) எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று தாளில் எழுதி வரும். அந்த ஃபீடரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டேதான் நிறுத்தினோம். உங்கள் அப்பாவின் தறியும் எங்களைப் போன்ற ஒருவரின் கையால்தான் நின்றிருக்கும்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசமாகப் போகிறது, விவசாய மோட்டார் இலவசமாக ஓடுகிறது. அந்தப் பணத்தில் அரசு மானியம் ஒரு பங்கு. கடைகளும் தொழிற்சாலைகளும் 800 யூனிட் எரிக்கிற வீடுகளும் கூடுதலாகக் கொடுப்பது இன்னொரு பங்கு. வசதி உள்ளவன் பேட்டரி வாங்கிக்கொண்டு லைனை விட்டு வெளியேறினால் கம்பமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் அப்படியேதான் நிற்கும், அவற்றின் செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும். மிச்சம் இருப்பவர்கள் யார்? மேலே எழுதிய வாடகைவீடு தம்பி போன்றவர்கள்.

லைனே போகாத மலைக்கிராமம், தனித் தோப்பு, தீவு, இங்கெல்லாம் ஆஃப் கிரிட் வேண்டும். நானே போட்டுக்கொடுப்பேன். மதுரையில் வாசலில் கம்பம் இருக்கும்போது வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்), 26 ஜூன் 2025

தீவு என்று ஐயா எழுதியதால் இதற்குள் வருகிறேன். எங்களுடைய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்கட்டமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிதான். இந்திய உதவியோடு அங்கே சூரிய சக்தியும் காற்றும் சேர்ந்த கலப்புத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தார்கள். டீசலை வள்ளத்தில் ஏற்றிப் போகிற இடத்தில் வெயிலின் அருமை விளங்கும்.

எங்களுக்கு 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. அந்த ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். காசு உள்ளவர்கள் எல்லோரும் கூரைக்குச் சோலார் பூட்டினார்கள். நானும் கடன் எடுத்துப் பூட்டினேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணிபோல நாடு முழுவதும் கறண்ட் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னார். நல்ல வெயில். என் கூரையில் 5 கிலோவாட். வீட்டுக்குள் ஒரு மின்குமிழ் எரியவில்லை. அம்மா கேட்டா, "இவ்வளவு காசு போட்டனீ, வெயிலும் எறிக்குது, ஏனடா ஃபான் சுத்தேல்ல?" என்று. லைனில் வேலை செய்கிற ஆளுக்கு அடிக்கக் கூடாது என்பதற்காக அது தானாக நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். அடுத்த மாதமே, லைன் நின்றாலும் வேலை செய்கிற ஹைப்ரிட் இன்வேர்ட்டரும் ஒரு சிறிய பற்றரியும் வாங்கினேன். மூன்று ஃபானும் விளக்குகளும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டும் தனி வயரில்.

இன்னொன்றும் நடந்தது. இந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, மின்தேவை குறைவு, வெயிலோ உச்சம். கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. எல்லோரும் லைனுக்குள் தள்ளினால் லைனாலும் தாங்க ஏலாது. ஆகவே சிறிய பற்றரி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. முழுதாக வெட்டுவதும் வேண்டாம், முழுதாக நம்புவதும் வேண்டாம் அக்கா.

செம்மண் (விழுப்புரம்), 27 ஜூன் 2025

பேட்டரி பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். 2011இல் ஆரம்பித்த பசுமை வீடுகள் திட்டத்தில் எங்கள் அம்மாவுக்கு 300 சதுர அடி வீடு கிடைத்தது. ஐந்து விளக்கு, கூரையில் பேனல். முதல் நாள் இரவு ஐந்தையும் போட்டுவிட்டு அம்மா வாசலில் போய் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்கு வருடம் அருமையாக எரிந்தது. பிறகு பேட்டரி இறங்கியது. புதிது வாங்க அன்றைக்கு எங்களிடம் பணம் இல்லை, அதற்கென்று மாதம் நூறு ரூபாய் எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. பேனல் இன்றும் கூரையில் இருக்கிறது, துடைத்தால் வோல்ட் காட்டுகிறது. பேட்டரி இல்லாமல் அது என்ன செய்யும்? யார் என்ன வாங்கினாலும், வாங்கிய மாதத்திலிருந்தே அடுத்த பேட்டரிக்கு உண்டியல் போடுங்கள்.

வைகைக்கரை (மதுரை), 2 ஜூலை 2025

ஒரு விஷயம் கண்டுபிடித்தோம், சொல்லியே ஆக வேண்டும்.

மகள் மீட்டரை எழுதியதில், யாரும் குளிக்காத மத்தியான நேரத்தில் ஒன்றேகால் யூனிட் ஏறுகிற நாட்கள் இருந்தன. பார்த்தால் மோட்டார். ஒரு நாளைக்கு ஒரு முறை போட்ட மோட்டாரை இப்போது இரண்டு முறை போடுகிறோம், ஆட்கள் வந்து போகிறார்கள் அதனால்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி மாடிக் கழிவறையின் ஃப்ளஷ் டேங்க்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரையும் போக விடவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் கீழே கோப்பையில் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது! சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஒழுகியிருக்கிறது. அந்த ரப்பர் வாஷர் 60 ரூபாய்.

ஃப்ரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கீழ் மூலையில் தடையே இல்லாமல் வந்துவிட்டது. அதற்கும் ரப்பர் மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.

மின்கம்பம் (திருச்சி), 2 ஜூலை 2025

மிக நல்ல வேலை செய்தீர்கள். அப்படியே ஃபேனையும் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை ஃபேன் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். அதிகம் ஓடுகிற மூன்றை மாற்றினால், நாளைக்கு 14 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 110 யூனிட் குறையும். ஏசியை 24இல் வைக்காமல் 27இல் வைத்து மேலே ஃபேனைச் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் குறையும். நோயாளிக்கும் அந்தக் குளிர் போதும்.

நேற்று முதல் அமலான 3.16 சதவீத உயர்வு வீடுகளுக்குக் கிடையாது, இப்போதைக்குப் பயப்பட வேண்டாம்.

தென்னந்தோப்பு (பட்டுக்கோட்டை பக்கம்), 3 ஜூலை 2025

மஞ்சள் தூள் யோசனை அருமை. நானும் இன்றைக்கே போட்டுப் பார்க்கிறேன். எனக்கு மோட்டார் வீணாக ஓடினால் அது அன்றைய ராத்திரி ஃபேனைத் தின்றுவிடும்.

வைகைக்கரை (மதுரை), 16 ஆகஸ்ட் 2025

பில் வந்தது. 612 யூனிட், 2,993 ரூபாய். வாஷர், ஃப்ரிட்ஜ் ரப்பர், மூன்று ஃபேன், ஏசி 27. ஃபேன் மாற்றியது பாதி மாதத்தில்தான். அந்த 500 கோட்டுக்குள் வர இன்னும் 112 யூனிட் குறைய வேண்டும்.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள்.

சுயசார்பு (ஈரோடு), 17 ஆகஸ்ட் 2025

அக்கா, மனப்பூர்வமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. நானும் எங்கள் வீட்டு மீட்டரை எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஆஃப் கிரிட் ஆசையை விடவில்லை. ஆனால் எத்தனை யூனிட்டுக்குப் போட வேண்டும் என்பதே எனக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. 11 என்று நினைத்தேன், 8தான் வருகிறது. பேட்டரிச் செலவில் பெரிய தொகை குறையும்.

வைகைக்கரை (மதுரை), 14 அக்டோபர் 2025

488 யூனிட். 1,729 ரூபாய். பிப்ரவரியில் ஏசி இல்லாமல் வந்த பில்லைவிட இரண்டு யூனிட் குறைவு.

மின்கம்பம் ஐயா, இப்போது ஒரு கேள்வி. செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டதே. 2 கிலோவாட் ஆன் கிரிட்டுக்கு வேறொருவரிடம் கேட்டேன், மானியம் 60,000 போக 78,000 ரூபாய் வரும் என்கிறார். நகையை வைக்காமல் சீட்டுப் பணத்தில் முடியும். போடலாமா?

மின்கம்பம் (திருச்சி), 14 அக்டோபர் 2025

போடலாம், ஆனால் உண்மைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 780 யூனிட் எரித்தபோது சோலார் மிச்சப்படுத்தியிருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு, ஒன்பது ரூபாய். இப்போது நீங்கள் 500க்குள் வந்துவிட்டீர்கள், அது மிச்சப்படுத்துவது 2.35உம் 4.70உம் 6.30உம்தான். ஆண்டுக்குப் பத்தாயிரம், கோடையில் ஏசி கூடினால் இன்னும் கொஞ்சம். போட்ட பணம் திரும்ப ஏழெட்டு வருடம் ஆகும். பேனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும், அதனால் நஷ்டமில்லை. ஆனால் அவசரமும் இல்லை. மழை முடியட்டும். மாசிக்குள் போட்டுவிட்டால் அடுத்த கோடைக்குத் தயார்.

மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கிற சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும், ரசீதில் அதை எழுதி வாங்குங்கள். 10 கிலோவாட்டுக்குள் என்பதால் தொழில்நுட்ப ஆய்வு என்று யாரும் காக்க வைக்கத் தேவையில்லை.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்), 15 அக்டோபர் 2025

அக்கா, வயரிங் செய்யும்போதே அத்தையின் அறை ஃபேனுக்கும் விளக்குக்கும் தனி வயர் இழுத்து வையுங்கள். பிறகு பற்றரி வாங்கினால் சுவரை உடைக்கத் தேவையில்லை.

வைகைக்கரை (மதுரை), 15 அக்டோபர் 2025

தனி வயர் கண்டிப்பாக இழுத்துவிடுகிறேன் தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். தை பிறந்ததும் விண்ணப்பம் போடுகிறோம். மாடியின் தெற்குப் பாதி பேனலுக்கு, வடக்குப் பாதி துணி காயப்போடவும் வடகம் போடவும் என்று அத்தை பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மின்கம்பம் (திருச்சி), 15 அக்டோபர் 2025

நெட் மீட்டர் மாட்ட வருகிற அன்று, பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை மகளை விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தேதி தெரிகிற மாதிரி அன்றைய நாளிதழையும் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.